மூலைப் பெட்டிக்காரி

தையல் கூடத்தில் அவளைக் காஜா அக்கா என்று கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்கள் என்று சொல்வதே தப்பு, கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. மேசையைத் தட்டுவார்கள், அல்லது அவளுக்கு எதிரே போய் நின்று கையை ஆட்டுவார்கள். சட்டைக்குப் பொத்தான் துளை போடுகிற காஜா மிஷின்தான் அவளுடைய இடம். அந்த மிஷின் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தலைவலி வரும், அவளுக்கு வராது. "குடுத்து வச்சவங்க" என்று துணி வெட்டுகிறவர் ஒருநாள் வேடிக்கையாகச் சொல்லிவைத்தார். அதை அவள் அவருடைய உதட்டிலிருந்து படித்துவிட்டாள். அன்று முதல் அவர் தனக்கென்று தைத்துக்கொள்கிற சட்டையில் மட்டும் காஜா கொஞ்சம் தள்ளித் தள்ளி விழுந்தது என்று கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது காதையும் கொண்டுபோய்விட்டது. அதற்குள் பேச்சு வந்திருந்ததால் வாய் தப்பித்தது. இப்போதும் பேசுவாள். குரல் மட்டும் ஏற்ற இறக்கம் இல்லாமல், கொஞ்சம் பலமாக வரும். கேட்பதெல்லாம் கண்ணால்தான். காது கேளாதோர் பள்ளியில் கையால் பேசவும் உதட்டைப் படிக்கவும் கற்றுக்கொண்டாள். கை நல்ல ஆள், சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லும். உதடு அப்படி இல்லை. பாதியைச் சொல்லும், பாதியை விழுங்கும். விழுங்கிய அந்தப் பாதியில்தான் எல்லாரும் தங்கள் பொய்யை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது அவளுடைய தீர்மானம்.

இப்படி ஒரு தீர்மானத்தோடு தெருவில் நடந்தால் பார்க்கிறவன் எல்லாம் சந்தேகக் கேஸ்தான். வாயைக் கையால் மூடிக் கொட்டாவி விடுகிறவனை அவள் நம்பமாட்டாள். மீசை மேலுதட்டை மூடியிருந்தால் அந்த ஆள் கடையில் சாமான் வாங்கமாட்டாள். பேசிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்புகிறவர்கள், அடுத்த அறையில் நின்று சிரித்துவிட்டு இந்த அறைக்கு வந்ததும் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்கிறவர்கள், எல்லாருக்கும் ஒரே மரியாதை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். எதிரே இருப்பவருக்கு எச்சில் விழுங்கக்கூடப் பயமாக இருக்கும்.

இதில் அவளைக் குறை சொல்லவும் முடியாது. நாலு பேர் பேசிச் சிரிக்கிற இடத்தில் "என்ன, என்ன?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்பார்கள். அந்த அப்புறம் ஒருநாளும் வந்ததில்லை. கல்யாண வீட்டில் ஒரு மணி நேரம் நடந்த சண்டையை அவளுக்கு மூன்றே சொல்லில் சுருக்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவள் வாங்கி வைத்துக்கொள்வாள், வேறு வழி?

தம்பியும் தம்பி மனைவியும் அவளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒண்டிக்கொண்டு இல்லை. அப்பா விட்டுப்போன வீடு, இருவருக்கும் பாத்தியதை உண்டு. தம்பி பஸ் டிப்போவில் மெக்கானிக். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஜாதி. பேசினாலும் தாடைக்குள்ளேயே பேசுவான். இன்ஜினுக்கடியில் படுத்துக்கொண்டு பேசிப் பேசி வந்த பழக்கம் என்று அவன் மனைவி கேலி செய்வாள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்த்தாள், பேச்சு தெளிவு. காஜா அக்காவுக்கு அவளுடைய உதட்டைப் படிப்பது சுலபம். அதனாலேயே அவள் மேல் கொஞ்சம் அதிகச் சந்தேகம்.

அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் டி.வி.யில் இருந்தாள். ஒரு செய்திச் சேனலில் சாயங்காலச் செய்தி வரும்போது திரையின் வலது மூலையில் ஒரு சின்னப் பெட்டி தோன்றும். அதற்குள் கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண், இடுப்புக்கு மேல் மட்டும். செய்தி வாசிப்பவர் வாயால் சொல்வதை இவள் கையால் சொல்வாள். பேரைக் கீழே போடமாட்டார்கள். அதனால் காஜா அக்கா தானே மூலைப் பெட்டிக்காரி என்று பேர் வைத்துக்கொண்டாள்.

மூலைப் பெட்டிக்காரி எதையும் சுருக்கமாட்டாள். எங்கே வெள்ளம், எத்தனை பேர் கூரையில் நிற்கிறார்கள், யார் வந்து பார்த்தார்கள், யார் வரவில்லை, எல்லாம் முழுசாக வரும். மந்திரி ஒருவர் மென்று விழுங்கினால், மென்றதையும் சொல்வாள், விழுங்கியதையும் காட்டுவாள். புருவத்தை லேசாகத் தூக்கி, "இவர் சொல்றத நான் சொல்றேன், நம்புறது உங்க பாடு" என்கிற மாதிரி நிறுத்துவாள். அதைப் பார்த்து காஜா அக்கா நாற்காலியில் இருந்தபடியே கையால் பதில் சொல்வாள், சில நாள் சண்டையும் போடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அதே சேனலில் பழைய மேடை நாடகம் போடுவார்கள், அதிலும் அதே பெட்டி, அதே பெண். ராஜாவும் அவள்தான், ராஜாவைக் கொல்ல வந்தவனும் அவள்தான். தோளை இந்தப் பக்கம் திருப்பினால் ஒருவர், அந்தப் பக்கம் திருப்பினால் இன்னொருவர். பாட்டு வந்தால், பாட்டு என்று ஒரு சைகை காட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர்களை காஜா அக்கா பள்ளி விழாக்களில் பார்த்திருக்கிறாள். இவள் அப்படி நிற்கமாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, கையை மெதுவாக, தண்ணீருக்குள் அசைப்பது போல அசைப்பாள். பாட்டு என்றால் இதுதான் போலிருக்கிறது, இதற்குத்தான் ஊரே கிறங்குகிறது போலிருக்கிறது என்று காஜா அக்கா நினைத்துக்கொள்வாள். காய்ச்சலுக்கு முன்னால் கேட்ட பாட்டு எதுவும் அவளுக்கு நினைவில் இல்லை.

சாயங்காலம் தையல் கூடம் விட்டால் யாரோடும் நிற்காமல் வீட்டுக்கு வந்துவிடுவாள். மூஞ்சி கழுவி, டீயைக் கையில் எடுத்துக்கொண்டு, திரையின் வலது ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொள்வாள். "அந்தப் பொட்டி மேட்ச் ஸ்கோர மறைக்குதுக்கா" என்று தம்பி முனகுவான். "உனக்குக் காது இருக்குல்ல, கேட்டுக்க" என்பாள். மறுநாள் கூடத்தில் ஊர் நடப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் அவளுக்குத்தான் கூடுதலாகத் தெரிந்திருக்கும். நாள் முழுக்க அவளுக்குத் துண்டும் துணுக்குமாகக் கிடைக்கிற உலகம் அந்த நேரத்தில் மட்டும் முழுசாகக் கிடைத்தது. அது போனால் அவளுக்கு வேறு கதியில்லை.

அது போவதற்குச் சில வாரம் முன்பிருந்தே வீட்டில் ஏதோ சரியில்லை. காஜா அக்காவின் மூக்கில் வியர்த்துவிட்டது. தம்பியும் மனைவியும் சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசினார்கள். இவள் உள்ளே போனால் ஒருவர் தண்ணீர் குடித்தார், ஒருவர் பாத்திரம் துடைத்தார். வேலை நாளில் இருவரும் சேர்ந்து வெளியே போனார்கள். எங்கே என்று கேட்டதற்குத் தம்பி மனைவி, "கடைக்குப் போனோம் அண்ணி" என்றாள். கையில் ஒரு பை கூட இல்லை. அவள் இரண்டு நாள் மருந்துக் கடைக்கே போகவில்லை. ஏன் என்று கேட்டால் தலைவலி. தலைவலிக்கு மாத்திரை விற்கிறவளுக்குத் தலைவலி என்றால் யார் நம்புவது?

காஜா அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். வீட்டை விற்கப் பார்க்கிறார்களோ? தன்னை எங்காவது விடுதியில் சேர்த்துவிடப் போகிறார்களோ? இந்த வீட்டில் அவளிடம் மறைப்பது புதிது இல்லை. முன்பு ஒருமுறை தம்பி மனைவி பிள்ளைப்பேற்றுக்கு வெளியூரில் அவளுடைய அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். காஜா அக்கா மீந்த மெல்லிய துணியில் ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தம்பி கிளம்பிப் போனான், சில நாள் கழித்துத் திரும்பி வந்தான். என்னடா என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, அவ இன்னும் கொஞ்ச நாள் அங்கயே இருக்கட்டும்" என்று தாடைக்குள் சொன்னான். தெருவுக்கே தெரியும், தையல் கூடத்துக்கும் தெரியும். அவளுக்கும் சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு, மரியாதைக்கு அந்தப் பேச்சை எடுக்காமல் இருந்தார்கள். தம்பி மனைவி திரும்பி வந்த அன்று காஜா அக்கா அந்தச் சட்டையைக் கையில் விரித்துப் பிடித்தபடி வாசலில் போய் நின்றாள். வந்தவள் கையில் குழந்தை இல்லை. சட்டையைப் பார்த்ததும் அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் காஜா அக்காவுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகும் அதைப் பற்றி யாரும் அவளிடம் வாய் திறக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் வாசலில் அப்படி நின்றதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசும். தம்பியை அவள் மன்னிக்கவே இல்லை.

இந்த நிலவரத்தில்தான் ஒருநாள் சாயங்காலம் டி.வி.யைப் போட்டால் சேனல் இல்லை. நீலத் திரை, நடுவில் எழுத்து. சேனல் நிறுவனம் நியாயமில்லாத கட்டணம் கேட்பதாகவும், உரிம ஒப்பந்தம் முடிந்துவிட்டதாகவும், நேயர்களின் நலன் கருதி ஒளிபரப்பை நிறுத்தியிருப்பதாகவும் கேபிள் நிறுவனம் சொன்னது. மறுநாள் பேப்பரில் சேனல் நிறுவனம் அரைப்பக்கத்துக்கு விளம்பரம் போட்டிருந்தது. உங்கள் உரிமையைக் கேபிள் நிறுவனம் பறித்துவிட்டது, நேயர்களின் நலனுக்காக நாங்கள் போராடுகிறோம் என்று. காஜா அக்கா இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்தாள். இரண்டு பேரும் அவளுடைய நலனுக்காகத்தான் அடித்துக்கொள்கிறார்களாம். அவளிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தெருவில் முதல் வாரம் கொஞ்சம் புலம்பினார்கள். அந்த நிறுவனத்தின் சேனல்கள் எல்லாமே போயிருந்தன. சீரியல் பார்க்கிறவர்கள் வேறு சீரியலுக்குத் தாவினார்கள். மேட்ச் பார்க்கிறவர்கள் போனில் பார்த்தார்கள். செய்திக்கு யாரும் கவலைப்படவில்லை, இந்தச் சேனல் இல்லாவிட்டால் அந்தச் சேனல், எல்லாவற்றிலும் ஒரே செய்திதானே. காஜா அக்கா ஒவ்வொரு சேனலாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் உதடுகள் இருந்தன, அதுவும் படபடவென்று ஓடுகிற உதடுகள். மூலையில் யாரும் இல்லை.

"என்னடா ஆச்சு?" என்று தம்பியைக் கேட்டாள்.

"ஏதோ தகராறுக்கா. வந்துடும்" என்றான். சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

அந்தக் குனிவு போதும். அவள் மனசுக்குள் இரண்டும் இரண்டும் நாலாகிவிட்டது. வீட்டில் ஏதோ மறைக்கிறார்கள், அதே சமயம் எதையும் மறைக்காத ஒருத்தியையும் காணோம். தற்செயல் என்று யாராவது சொன்னால் அவர்களும் கூட்டு என்று அர்த்தம்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேபிள் ஆபீசுக்குப் போனாள். ஆபீஸ் என்றால் மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. சுவர் முழுக்க வயர், ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் கேபிள்காரர். நல்ல மனிதர் என்று தெருவில் சொல்வார்கள். ஆனால் மீசை மேலுதட்டை மூடித் தொங்கியது. காஜா அக்காவுக்கு அங்கேயே பாதி நம்பிக்கை போய்விட்டது.

"செய்திச் சேனலை எதுக்கு நிறுத்தினீங்க?" என்று கேட்டாள். அவள் குரலுக்கு உள்ளே வயர் சுற்றிக்கொண்டிருந்த ஆள் எட்டிப் பார்த்தான்.

கேபிள்காரர் ஏதோ சொன்னார். மீசை ஆடியது.

"மீசையத் தூக்கிட்டுப் பேசுங்க."

அவர் சங்கடப்பட்டு, ஒரு விரலால் மீசையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "நான் நிறுத்தலம்மா. நான் சின்ன ஆளு. எனக்கு மேல ஒரு கம்பெனி, அவங்கதான் எனக்கு சிக்னல் தர்றாங்க. சேனல்காரன் அவங்ககிட்ட, என்னோட சேனல் எல்லாத்தையும் கட்டா எடுத்தாத்தான் ஒண்ணாவது தருவேங்கிறான், அதுவும் அவன் சொல்ற ரேட்டுக்கு. இவங்க முடியாதுன்னுட்டாங்க. லைசென்ஸ் முடிஞ்சது, சிக்னல் நின்னுடுச்சு. மேல ரெண்டு யான மோதுது, நான் கீழ நிக்கிறேன்."

"நான் எங்க நிக்கிறேன்?"

கேபிள்காரர் மீசையை விட்டுவிட்டார்.

"எங்க தம்பி உங்ககிட்ட ஏதாவது சொன்னானா? இந்தச் சேனலை எடுத்துடுங்கன்னு?"

"உங்க தம்பியா? அவரு எதுக்கும்மா சொல்லப் போறாரு? போன வாரம் வந்து எப்ப வரும்னு கேட்டுட்டுத்தான் போனாரு."

ஆக, தம்பி இங்கே வந்திருக்கிறான். தன்னிடம் சொல்லாமல் வந்திருக்கிறான். அவள் வேறு எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. "என் காதுல பூ சுத்தாதீங்க. அது ஏற்கெனவே அடைச்சுக் கெடக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி ஊரின் அந்தக் கோடியில் அச்சகத்தில் புத்தகம் தைக்கிறாள். அவளுக்கும் காது கேட்காது. அவள் வீட்டில் கேபிள் இல்லை, மொட்டை மாடியில் டிஷ். விடுமுறை நாளில் பஸ் மாறி அவள் வீட்டுக்குப் போனாள் காஜா அக்கா. போய் உட்கார்ந்து டி.வி.யைப் போட்டால், மூலையில் பெட்டி! கறுப்புச் சட்டை, அதே கை. தொலைந்துபோன உறவுக்காரியைப் பார்த்த மாதிரி இருந்தது. காஜா அக்கா அழுதே விட்டாள். அழுது முடிந்ததும் அடுத்த எண்ணம் வந்தது. சேனல் உயிரோடுதான் இருக்கிறது. தன் வீட்டில் மட்டும்தான் செத்திருக்கிறது.

தோழி கையால் விளக்கினாள். கேபிள் கம்பெனி வேறு, டிஷ் கம்பெனி வேறு, தகராறு கேபிளோடு மட்டும், உன் தெரு முழுக்க இப்படித்தான் இருக்கும். காஜா அக்கா தலையாட்டினாள், ஏற்றுக்கொள்ளவில்லை. "தினம் இங்க வந்து பாரு" என்றாள் தோழி. தோழியின் புருஷன் அந்த நேரத்தில்தான் அவனுடைய பாட்டுப் போட்டி பார்ப்பான், அன்றைக்கே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். அடுத்தவர் வீட்டு டி.வி.யை எத்தனை நாளைக்குக் கேட்டு வாங்க முடியும்? வரும் வழியில் பஸ்ஸில் எல்லாரும் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்கள். என்ன நடக்கிறது இந்த ஊரில் என்று அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. காதில்லாமல் போனது இப்போதுதான் மாதிரி இருந்தது.

அடுத்த விடுமுறை நாள் காலையில் அவள் வெடித்தாள். தம்பி முன்னறையில் ஒரு பழைய மின்விசிறியைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். தம்பி மனைவி உள்ளே இருந்து வந்து அவன் பக்கத்தில் குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, காதும் காதும் வைத்த மாதிரி ஏதோ சொன்னாள். அவன் தலையை ஆட்டினான்.

காஜா அக்கா நேரே போய் நின்றாள். "ரெண்டு பேரும் சேந்து எனக்கு எதுவும் தெரியக் கூடாதுன்னுதான டி.வி.ய நிறுத்தினீங்க?"

தம்பி அண்ணாந்து பார்த்தான். முதலில் புரியவில்லை, புரிந்ததும் சிரித்துவிட்டான். "அக்கா, உனக்கென்ன பைத்தியமா? ஊர்ல பாதி வீட்டுல அந்தச் சேனல் இல்ல. உனக்காக ஊர் டி.வி.ய நிறுத்துற அளவுக்கு நான் என்ன பெரிய ஆளா?"

"கேபிள் ஆபீசுக்கு எதுக்குப் போன? என்கிட்ட சொல்லாம?"

"எப்ப வரும்னு கேக்கத்தான் போனேன்."

"வீட்ட விக்கிறீங்களா? என்னைத் தள்ளி விடப் போறீங்களா? எதுவா இருந்தாலும் சொல்லு. நீங்க ரெண்டு பேரும் என்னமோ பேசிக்கிறீங்க, எனக்குச் சேதி வர்ற இடம் ஒண்ணு இருந்துச்சு, அதையும் அடைச்சாச்சு."

தம்பி மனைவியின் முகம் சுருங்கியது. "அண்ணி, அப்படியெல்லாம் இல்ல" என்று தொடங்கினாள். அதற்குமேல் முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். காஜா அக்காவுக்கு அதிலும் சந்தேகம்தான்.

தம்பி திருப்புளியைக் கீழே வைத்தான். "நீலத் திரையில ஒரு நம்பர் போடுறான்ல, புகாருக்கு. அதுல பேசுனா உனக்கே தெரியும் யாரு நிறுத்தினாங்கன்னு."

"காது கேக்காதவ புகார் சொல்றதுக்குப் போன் நம்பர் போட்டிருக்கான். நல்ல மூளை. நீ பேசு. இங்கயே, என் முன்னாடி பேசு. நான் உன் வாயப் பாத்துக்கிட்டே இருப்பேன்."

அவன் போனை எடுத்தான். நம்பரை அவள்தான் திரையைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னாள், அவன் மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்று. அவன் ஏதேதோ பொத்தானை அழுத்தினான். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"எதுக்கு சும்மா நிக்கிற?"

"காத்திருக்கச் சொல்றான். பாட்டுப் போடுறான்."

அவள் போனை வாங்கி அதன் முதுகில் விரலை வைத்துப் பார்த்தாள். ஏதோ துடித்தது. பாட்டாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். திருப்பிக் கொடுத்தாள்.

கடைசியில் யாரோ வந்தார்கள். லைன் சரியில்லை போலிருக்கிறது, தம்பி இரண்டு மூன்று முறை "கேக்குதா? கேக்குதாம்மா?" என்றான். பிறகு தாடைக்குள் பேசுகிற பழக்கத்தை விட்டு, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசத் தொடங்கினான். அவனுடைய உதடு இவ்வளவு தெளிவாக இருந்து காஜா அக்கா பார்த்ததே இல்லை. அவள் நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"செய்திச் சேனல் வரலம்மா... ஆமா, தகராறுன்னு தெரியும். எப்ப முடியும்?... சரி, உங்களுக்கும் தெரியாது... இல்லம்மா, வேற செய்திச் சேனல் வேணாம். அதெல்லாம் இருக்கு, பிரயோஜனமில்ல. எங்க அக்காவுக்குக் காது கேக்காது. அந்தச் சேனல்லதான் மூலையில ஒரு அம்மா கையால சொல்வாங்க. அது வேற எதுலயும் வரல... ஆமா, அந்த அம்மாவேதான்."

காஜா அக்கா நிமிர்ந்தாள். இதுவரைக்கும் சொன்னது சரி.

தம்பி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகம் மாறியது. "என்ன கேக்குறீங்க? வீட்டுல நான் இருக்கேன்ல, நானே அவங்களுக்குச் சொல்லலாமேன்னா?" என்றான். மின்விசிறியின் இறக்கையைக் காலால் நகர்த்தினான். அக்கா எதிரே இருப்பதே அவனுக்கு மறந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. கண்ணை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு பேசினான், ஆனால் உதடு இன்னும் அவள் பக்கம்தான் இருந்தது.

"நியாயமான கேள்விதான். எனக்குச் சொல்ல வரலம்மா... இல்ல, சைகை தெரியாதுங்கறது இல்ல, அவங்க உதட்டப் பாத்தே புரிஞ்சுக்குவாங்க. மத்தவங்ககிட்ட ஒரு கெட்ட சேதியத் தலையக் குனிஞ்சுக்கிட்டு முணுமுணுத்துட்டுப் போயிடலாம். அவங்ககிட்ட முடியாது. முகத்துக்கு நேரா நின்னு, வாயத் தெறந்து, நிறுத்தி நிறுத்திச் சொல்லணும். புரியலன்னா திரும்பச் சொல்லணும். எங்க கொழந்த பொறக்கும்போதே போயிடுச்சும்மா. அத ஒரு தடவ சொல்லவே எனக்கு வாய் வரல. எப்படித் திரும்பச் சொல்றது? சொல்லாமயே விட்டுட்டேன். அவங்க சட்டைய வச்சுக்கிட்டு வாசல்ல நின்னாங்க."

அவன் புறங்கையால் மூக்கைத் துடைத்தான். கிரீஸ் கன்னத்தில் ஒட்டியது.

"இப்ப என் பொண்டாட்டி மறுபடியும் மாசமா இருக்கா. டாக்டர் ஜாக்கிரதயா இருக்கச் சொல்லியிருக்காங்க. நல்ல சேதிதான், சொல்லணும்னு தினம் நெனக்கிறேன். ஆனா இதச் சொன்னா அதையும் சொல்லணும்ல. சாயங்காலம் ஆனா அந்த அம்மா வந்து ஊர்க்கத எல்லாத்தையும் சொல்லிடுவாங்க, அக்காவும் சந்தோஷமா இருப்பாங்க, நானும் தப்பிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப அவங்களும் வர்றதில்ல. அக்கா என் வாயவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க... ஆமா. ஆமாம்மா. புகாரப் பதிவு பண்ணிக்குங்க. அக்கா பேர்லயே பண்ணுங்க."

போனை வைத்தான். திரும்பினான். அக்கா எதிரே உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காஜா அக்காவுக்குச் சந்தோஷமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. வீட்டை விற்கிறார்கள் என்று நினைத்ததற்கு வெட்கம். முகம் தெரியாத ஒருத்தியிடம் கொட்டியதைத் தன்னிடம் இத்தனை வருஷம் அடைத்து வைத்தானே என்று கோபம். மூலைப் பெட்டிக்காரி இனி தினமும் வருவாளா மாட்டாளா என்று யாருக்கும் தெரியாது. இரண்டு கம்பெனிகளும் எப்போது சேருமோ, சேர்ந்தாலும் அந்த மூலையை விட்டுவைப்பார்களோ, அதில் அவள் நம்பிக்கை வைக்கத் தயாராக இல்லை. எதிரே இருப்பது தம்பிதான்.

"போன்ல எவகிட்டயோ சொன்ன. என்கிட்ட சொல்லு."

"அதான் பாத்துட்டல்ல" என்று தரையைப் பார்த்து முணுமுணுத்தான்.

"கேக்கல."

உள்ளே இருந்து தம்பி மனைவி வந்து கதவோரம் நின்றாள். தம்பி அவளைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், பார்க்க வேறு இடமில்லாமல் அக்காவைப் பார்த்தான். ஏதோ சொன்னான், பாதியில் தலை குனிந்துவிட்டது.

"இன்னும் கேக்கல" என்றாள் காஜா அக்கா.

அவன் பிரித்துப்போட்ட மின்விசிறியைத் தாண்டி வந்து, அவள் நாற்காலிக்கு முன்னால் மண்டி போட்டான். வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்தி, அவள் கண்ணைப் பார்த்தபடி சொன்னான்.

"அப்ப பொறந்தது பொண்ணுக்கா. உன் மூக்கு. நான் தூக்கிப் பாத்தேன்."

இதை அவன் போனில் சொல்லியிருக்கவில்லை.